ஸ்டார் ட்ரெக் தொடர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: படிப்படியாக ஒரு வழிகாட்டி

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொலைக்காட்சி வரிசையில் எந்தத் தொடர் ஒசத்தி என்று பேச்செடுத்தால் கால் மணி நேரத்தில் குரல் உயர்ந்துவிடும். ஒருவர் கடைசி சீசனை மனதில் வைத்துப் பேசுவார். இன்னொருவர் மூன்று எபிசோடோடு நிறுத்தியதை வைத்துப் பேசுவார். இருவரும் ஒரே தொடரைத்தான் பார்த்தார்களா என்றே சந்தேகம் வரும்.

நாங்கள் சில நண்பர்கள் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் இந்தத் தொடர்களை ஜோடி ஜோடியாகப் பார்த்து ஒப்பிட்டு வருகிறோம். புதிதாக வந்து சேர்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதில் பாதி இடங்களில் முதலில் விழுந்தது நான்தான். கீழே உள்ள வரிசையில் செய்தால் ஓர் ஒப்பீட்டை மூன்று நான்கு வார இறுதிகளில் முடித்துவிடலாம். எபிசோடுகளின் முடிவுகளைப் பல இடங்களில் போட்டு உடைத்திருக்கிறேன். அதைச் செய்யாமல் ஒப்பீட்டைக் காட்ட வழியில்லை.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு எபிசோடுக்கு ஒரு பக்கம். போனில் குறிப்பெடுத்தால் நடுவில் வேறு எதையாவது திறந்துவிடுவோம்.

ஒளிபரப்பான தேதியோடு கூடிய எபிசோட் பட்டியல். 1966இல் தொடங்கிய முதல் தொடருக்கு மட்டும் தயாரிப்பு வரிசையும் வேண்டும். அதில் எடுத்த வரிசை வேறு, காட்டிய வரிசை வேறு. முதலில் ஒளிபரப்பானது 'தி மேன் ட்ராப்'. அதற்கு முன்பே எடுத்து முடித்த 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' மூன்றாவதாகத்தான் வந்தது. அதில் டாக்டர் மெக்காய் இல்லை, வேறொருவர் டாக்டர். கப்பல் அதிகாரி ஸ்போக்கின் சட்டை நிறமும் வேறு. இது தெரியாத நண்பர் ஒருவர், "மூணாவது வாரமே டாக்டரை மாத்திட்டாங்களா?" என்று கேட்டு அரை மணி நேரம் குழம்பினார்.

அப்புறம், சப்டைட்டில். ஆங்கிலம் நன்றாகப் புரிந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தொடர்களில் பல கதைகள் ஒரே ஒரு சொல்லில் திரும்பும். தீர்ப்பில் 'கலைஞர்' என்று சொன்னார்களா, 'நபர்' என்று சொன்னார்களா என்பதைக் காது தவறவிட்டால் ஒப்பீடே தவறிவிடும். ஏழாவது படியில் இதைப் பார்ப்போம்.

2. கேள்வியை முதலில் எழுதுங்கள்

"எது பெஸ்ட்?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏற்கெனவே பிடித்த தொடருக்குக் காரணம் தேடுவதில்தான் போய் முடியும். வேறு மாதிரி கேளுங்கள். ஒரு கேப்டன் தன் கொள்கையை மீறும்போது இந்தத் தொடர் அவரை என்ன விலை கொடுக்க வைக்கிறது? மனிதரால் செய்யப்பட்ட ஓர் உயிருக்கு உரிமை உண்டா என்று கேட்டால் இந்தத் தொடர் எவ்வளவு தூரம் போகிறது? எதிரியைத் தெரிந்துகொள்ள எத்தனை வாரம் ஒதுக்குகிறது?

ஒரே ஒரு கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தொடர், எந்த சீசன், எந்த எபிசோட் என்பதையெல்லாம் இந்தக் கேள்விதான் முடிவு செய்யப்போகிறது. அதனால்தான் இது முதலில் வருகிறது. எபிசோடுகளை எடுத்து வைத்துவிட்டுக் கேள்வி தேடினால், எல்லா எபிசோடுக்கும் பொருந்துகிற மொண்ணையான கேள்விதான் கிடைக்கும்.

3. மூன்று தொடருக்கு மேல் எடுக்காதீர்கள்

எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் தொடர் 79 எபிசோட். நெக்ஸ்ட் ஜெனரேஷன் 178. டீப் ஸ்பேஸ் நைன் 176. வாயேஜர் 172. எண்டர்பிரைஸ் 98. இந்த ஐந்து மட்டுமே எழுநூறைத் தாண்டுகிறது. (இரண்டு மணி நேர எபிசோடை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதைப் பொறுத்து இந்த எண்கள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.) 2017 முதல் வந்த டிஸ்கவரி, பிக்கார்ட், லோயர் டெக்ஸ், ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் எல்லாம் இதற்கு மேல்.

முதல் முறை ஒப்பிடுபவர்களுக்கு நான் சொல்வது டீப் ஸ்பேஸ் நைன், வாயேஜர் இரண்டையும்தான். 1995 முதல் 1999 வரை இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நிறுவனத்திலிருந்து வந்தன. தொழில்நுட்பமும் காலமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி எழுதியவர்களின் முடிவாகவே இருக்கும். மூன்றாவது வேண்டுமானால் இரண்டுக்கும் அண்ணனான நெக்ஸ்ட் ஜெனரேஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லோயர் டெக்ஸைக் கடைசியில் வையுங்கள். அதன் நகைச்சுவையில் பாதி மற்ற தொடர்களைக் கிண்டல் செய்வது. எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரியாமல் பார்த்தால், கல்யாண வீட்டில் யாரையும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

4. ஒவ்வொரு தொடருக்கும் இரண்டு ஆண்டு குறியுங்கள்

ஒளிபரப்பு தொடங்கிய ஆண்டு ஒன்று, கதை நடக்கும் ஆண்டு இன்னொன்று. நெக்ஸ்ட் ஜெனரேஷன்: 1987, 2364. டீப் ஸ்பேஸ் நைன்: 1993, 2369. வாயேஜர்: 1995, 2371. இதுவரை வரிசை ஒத்துப்போகிறது. 2001இல் வந்த எண்டர்பிரைஸில் கதை 2151க்குப் பின்னோக்கிப் போய்விடுகிறது. 2022இல் வந்த ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ், 1966இல் வந்த முதல் தொடருக்குச் சில ஆண்டுகள் முந்தைய கதை. டிஸ்கவரி இரண்டு சீசன் 23ஆம் நூற்றாண்டில் ஓடிவிட்டு மூன்றாவது சீசனில் 32ஆம் நூற்றாண்டுக்குத் தாவிவிடுகிறது.

இரண்டையும் குறிக்காவிட்டால் என்ன ஆகும்? ஓர் உதாரணம். இந்தக் கதை உலகில் மரபணுவை மாற்றிக்கொண்டவர்கள் விண்படையில் சேரச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1997இல் வந்த 'டாக்டர் பஷீர், ஐ ப்ரெஸ்யூம்' எபிசோடில் டீப் ஸ்பேஸ் நைன் விண்வெளி நிலையத்தின் டாக்டர் சிறுவயதில் அப்படி மாற்றப்பட்டவர் என்பது வெளிவருகிறது. மகனின் வேலை நிலைப்பதற்காக அப்பா சிறைக்குப் போக ஒப்புக்கொள்கிறார். 2023இல் வந்த ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸின் 'அட் ஆஸ்ட்ரா பெர் ஆஸ்பெரா' எபிசோடில் யூனா என்ற அதிகாரி அதே குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கிறார், விடுதலையும் ஆகிறார்.

இதைப் பார்த்த ஒருவர், "யூனா கேஸ்லயே ஜெயிச்சாச்சு. நூறு வருஷம் கழிச்சு பஷீர் ஏன் பயப்படணும்?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் ஒளிபரப்பு ஆண்டில் இருக்கிறது. பஷீரின் கதை 1997லேயே எழுதியாயிற்று. 2023இல் எழுதியவர்கள் அந்தச் சட்டத்தை உடைக்க முடியாது. உடைத்தால் பஷீர் கதை செத்துவிடும். அதனால் வக்கீல் சட்டத்தைத் தொடாமல், யூனா தானே உண்மையைச் சொல்லி அடைக்கலம் கேட்டார் என்று வாதாடி அவரை மட்டும் வெளியே கொண்டுவருகிறார். கதை ஆண்டை மட்டும் பார்த்தால் இது முரண்பாடு. இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால், கை கட்டப்பட்ட நிலையிலும் எழுத்தாளர்கள் கண்டுபிடித்த ஒரு சந்து.

ஒரு சின்ன உதவி. நெக்ஸ்ட் ஜெனரேஷன் காலத்துத் தொடர்களில் கேப்டன் குறிப்பு சொல்லும்போது வரும் விண்தேதியைக் கவனியுங்கள். முதல் எபிசோடில் 41153.7. அதில் இரண்டாவது இலக்கம் சீசன் எண். ஏழாவது சீசனில் 47 என்று தொடங்கும். டீப் ஸ்பேஸ் நைன் 46இலும் வாயேஜர் 48இலும் தொடங்குகின்றன. எது எதற்குப் பக்கத்தில் நடக்கிறது என்று பட்டியலைப் புரட்டாமலே சொல்லிவிடலாம்.

5. எந்தக் கட்டுப்பாட்டில் எடுத்தார்கள் என்று பாருங்கள்

புதியவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் தாண்டிப்போகும் படி இது. எபிசோட் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பார்த்த பிறகு செய்தால், பிடித்த தொடருக்குச் சாக்கு தேடுவதாக மாறிவிடும்.

ஒவ்வொரு தொடருக்கும் நான்கு வரி எழுதினால் போதும். யார் ஒளிபரப்பினார்கள்? ஒரு சீசனுக்கு எத்தனை எபிசோட்? ஒவ்வொரு எபிசோடும் தனியாக நிற்க வேண்டிய கட்டாயம் இருந்ததா? அந்த சீசனில் எழுத்துப் பொறுப்பு யாரிடம்?

நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு நாடு முழுவதும் காட்டும் ஒற்றைச் சேனல் கிடையாது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் உள்ள நிலையங்களுக்கு நேரடியாக விற்றார்கள். ஒரு வாரம் தவறவிட்டவரும் அடுத்த வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதால் கதை அன்றே முடிந்துவிடும். இதோடு, கப்பலில் இருப்பவர்கள் தங்களுக்குள் சண்டை போடக் கூடாது என்று உருவாக்கியவரான ஜீன் ராடன்பெர்ரி ஒரு விதி வைத்திருந்தார். நாடகம் எழுதுபவரிடம் போய்ச் சண்டை கூடாது என்றால் அவர் என்னதான் செய்வார்?

டீப் ஸ்பேஸ் நைனும் அதே மாதிரிதான் விற்கப்பட்டது. ஆனால் எழுதியவர்கள் விதியைச் சுற்றி வந்துவிட்டார்கள். நிலையத்தில் விண்படையைச் சேராதவர்களைக் குடிவைத்தார்கள்: பஜோர் என்ற கிரகத்தின் விடுதலைப் போராளியாக இருந்த கீரா, காவல் அதிகாரி ஓடோ, மதுக்கடை நடத்தும் குவார்க். அவர்கள் சண்டை போடலாமே! இன்னொன்று, கப்பல் போய்விடும், நிலையம் அதே இடத்தில் நிற்கும். இந்த வாரம் ஒருவரை ஏமாற்றினால் அடுத்த வாரமும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இந்தத் தொடரின் குணத்தில் பாதி இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

வாயேஜர் வேறு. யூபிஎன் என்ற புதுச் சேனல் 1995 ஜனவரி 16 அன்று தொடங்கியதே இந்தத் தொடரை வைத்துத்தான். கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தூரத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறது. திரும்ப 75 ஆண்டு ஆகும். தொடக்கத்தில் ஒரு எபிசோடில், கையில் 38 டார்பிடோதான் இருக்கிறது, புதிதாகச் செய்ய வழியில்லை என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் கஞ்சத்தனமாகச் செலவழித்து வாழும் ஒரு கப்பலின் கதை வரப்போகிறது என்று நாம் நினைப்போம். வரவில்லை. ஒவ்வொரு வாரமும் கப்பல் பளபளவென்று வந்து நிற்கும். ரசிகர்கள் பிறகு எண்ணிப் பார்த்தபோது சுட்ட டார்பிடோ 38ஐ எப்போதோ தாண்டியிருந்தது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், சேனலின் அடையாளத் தொடர் எல்லாருக்கும் எந்த வாரமும் புரிய வேண்டும் என்ற நெருக்கடியையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுதிய பிறகும் குறை குறைதான். ஆனால் அது யாருடைய குறை என்பது தெளிவாகும்.

ஸ்ட்ரீமிங் காலத்துக்கு ஒரே ஒரு குறிப்பு: சீசனுக்கு 26 எழுதிய இடத்தில் இப்போது 10. துணைப் பாத்திரங்களுக்கு இடம் குறைவதைக் குணக்குறையாகச் சொல்வதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

6. சீசனுக்கு சீசன் பொருத்துங்கள்

1993 ஜனவரியில் டீப் ஸ்பேஸ் நைனின் முதல் சீசன் ஓடத் தொடங்கியபோது நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஆறாவது சீசனில் இருந்தது. ஒரே வாரத்தில் வந்தவை என்று இரண்டையும் தராசில் வைத்தால், தவழும் குழந்தையை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தியது போலத்தான். முதல் சீசனை முதல் சீசனோடும், நான்காவதை நான்காவதோடும் வையுங்கள்.

நெக்ஸ்ட் ஜெனரேஷனின் முதல் இரண்டு சீசன்கள் தடுமாற்றமானவை என்பதை அதன் தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது சீசன் 1988 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 22 எபிசோடாகச் சுருங்கியது. அதன் கடைசி எபிசோட் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியது. மூன்றாவது சீசனில் மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் தொடர் காலூன்றியது. முதல் தொடர் இதற்குத் தலைகீழ். முதல் சீசனே வலுவானது. மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளி, பணத்தையும் குறைத்தார்கள். அந்த சீசனை எடுத்து வந்து "பழைய தொடர் இவ்வளவுதான்" என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

நன்றாகப் பொருந்தும் ஒரு ஜோடி சொல்கிறேன். 1995இல் டீப் ஸ்பேஸ் நைனின் நான்காவது சீசனில் நெக்ஸ்ட் ஜெனரேஷனிலிருந்து வோர்ஃப் வந்து சேர்ந்தார். 1997இல் வாயேஜரின் நான்காவது சீசனில் செவன் ஆஃப் நைன் வந்தார். இரண்டுமே தொடருக்குப் புது ரத்தம் பாய்ச்சச் செய்த ஏற்பாடு. புதியவர் வந்ததும் பழையவர்கள் எவ்வளவு இடம் இழந்தார்கள் என்று அந்த சீசனில் பத்து எபிசோடை எண்ணிப் பாருங்கள். வோர்ஃப் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். செவனைச் சுற்றித் தொடரே திரும்பிக்கொள்கிறது.

7. ஒரே சிக்கலைத் தொடும் எபிசோடுகளை ஜோடி சேருங்கள்

இதுதான் மையப் படி. அவசரப்படாதீர்கள்.

ஜோடி சேர்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இரண்டு எபிசோடின் சிக்கலையும் பாத்திரப் பெயர் சொல்லாமல் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். "செய்யப்பட்ட ஓர் உயிர் தன் உரிமையைக் கேட்டு விசாரணைக்கு வருகிறது." இந்த வாக்கியத்துக்குள் 1989இல் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷனின் 'தி மெஷர் ஆஃப் எ மேன்', 2001இல் வந்த வாயேஜரின் 'ஆத்தர், ஆத்தர்' இரண்டும் அடங்கும். இரண்டிலும் விண்வெளிச் சண்டை இருக்கிறது என்பதற்காக ஜோடி சேர்ப்பது வீண்வேலை.

முதலாவதில் டேட்டா என்ற ஆண்ட்ராய்டை (மனித உருவ இயந்திரத்தை) பிரித்துப் பார்த்து அதேபோல நிறையச் செய்ய ஒரு விஞ்ஞானி விரும்புகிறார். டேட்டா மறுக்கிறார். அவர் விண்படையின் சொத்தா இல்லையா என்று விசாரணை. போதிய வக்கீல்கள் இல்லாததால் அரசுத் தரப்பில் வாதாடும் வேலை டேட்டாவின் நண்பர் ரைக்கர் தலையில் விழுகிறது. ரைக்கர் எழுந்து போய் டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். கடைசியில் பொத்தானை அழுத்தி அவரை அணைத்தே விடுகிறார். கேப்டன் பிக்கார்டின் பதில்வாதம் அடிமை முறையைத் தொடுகிறது: இப்படி ஆயிரம் பேரைச் செய்து வேலைவாங்கினால் அதற்கு என்ன பெயர்? தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை டேட்டாவுக்கு உண்டு என்கிறது தீர்ப்பு.

இரண்டாவதில் வாயேஜர் கப்பலின் ஹாலோகிராம் டாக்டர், அதாவது கணினி உருவாக்கிய ஒளியுருவம், ஒரு கதை எழுதுகிறார். பதிப்பாளர் அவர் அனுமதியில்லாமல் வெளியிட்டுவிடுகிறார். ஹாலோகிராமுக்கு உரிமை கிடையாதாமே! தீர்ப்பில் நடுவர் 'நபர்' என்ற இடத்துக்குப் போகவே இல்லை. 'கலைஞர்' என்ற சொல்லின் விளக்கத்தை அகலப்படுத்தி டாக்டரை அதற்குள் சேர்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். பிறகு கடைசிக் காட்சி. அதே முகம் கொண்ட பழைய ஹாலோகிராம் டாக்டர்கள் ஒரு சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரிடம் அந்தக் கதையைப் பற்றிச் சொல்கிறார்.

பிக்கார்ட் 1989இல் எச்சரித்த அடிமைக் கூட்டம் 2001இல் திரையில் கல் உடைக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தபோது எனக்கு இது தோன்றவேயில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் பார்த்தபோதுதான் உறைத்தது. நீதிமன்றக் காட்சியாக முதலாவதுதான் சந்தேகமில்லாமல் மேல். ஆனால் அது நல்ல தீர்ப்போடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சுமாரான இரண்டாவது எபிசோட், கடைசி ஒரு நிமிடத்தில், அந்தத் தீர்ப்பால் யாருக்கும் எதுவும் மாறவில்லை என்று காட்டிவிடுகிறது. எது சிறந்தது என்று மட்டும் கேட்டிருந்தால் இது கையில் சிக்கியிருக்காது.

8. பார்க்கும்போது

ஒளிபரப்பான வரிசையில் பாருங்கள். பிந்தி எழுதியவருக்கு முந்தியது தெரியும், முந்தியவருக்குப் பிந்தியது தெரியாது.

ஒரு மாலைக்கு இரண்டு எபிசோட் போதும். மூன்றாவதில் எல்லா கேப்டனும் ஒரே மாதிரி தெரிவார்கள்.

ஒரு எபிசோட் முடிந்ததும் பேசுவதற்கு முன் ஐந்து வரி எழுதுங்கள்: சிக்கல் என்ன, முடிவெடுப்பது யார், என்ன காரணம் சொல்கிறார், யார் விலை கொடுக்கிறார், அடுத்த வாரத்துக்கு என்ன மிஞ்சுகிறது. பேசிவிட்டு எழுதினால், அறையில் சத்தமாகப் பேசியவரின் கருத்துத்தான் எல்லார் நோட்டிலும் இருக்கும்.

ஐந்தில் கடைசி வரிதான் அதிகம் சொல்லும். கொள்கையை மீறும் கேப்டன் என்ற கேள்விக்கு நாங்கள் மூன்று கதை எடுத்தோம். டீப் ஸ்பேஸ் நைனின் 'இன் த பேல் மூன்லைட்' (1998): ரோமுலன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தைப் போருக்குள் இழுக்க நிலையத்தின் கேப்டன் சிஸ்கோ பொய்ச் சான்று தயாரிக்கிறார், கொலையில் போய் முடிகிறது, கடைசியில் தன் குறிப்பையே அழிக்கச் சொல்கிறார். வாயேஜரின் 'ஈக்வினாக்ஸ்' (1999, இரண்டு பாகம்): இன்னொரு கப்பலின் கேப்டன் உயிர்களைக் கொன்று எரிபொருளாக்குகிறார், அவரைத் துரத்தும் வெறியில் வாயேஜரின் கேப்டன் ஜேன்வேயும் எல்லை தாண்டுகிறார். எண்டர்பிரைஸின் 'டேமேஜ்' (2004): சிதைந்த கப்பலைக் கிளப்ப கேப்டன் ஆர்ச்சர் அப்பாவிகளின் கப்பலிலிருந்து இயந்திரப் பாகத்தைப் பறிக்கிறார். அந்த சீசனின் தொடக்கத்தில் அவர் கப்பலையே கொள்ளைக்காரர்கள் சூறையாடியிருந்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன மிஞ்சுகிறது? சிஸ்கோவின் பொய்யால் வந்த ரோமுலன்கள் போர் முடியும்வரை கூடவே இருக்கிறார்கள். ஆர்ச்சரின் கப்பல் சீசன் முடியும்வரை ஓட்டை உடைசலோடுதான் ஓடுகிறது. ஈக்வினாக்ஸில் பிழைத்த ஐந்து பேர் பதவி பறிக்கப்பட்டு வாயேஜரில் சேர்க்கப்படுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு சீசனில் ஒருமுறைகூட அவர்களை நாம் பார்ப்பதில்லை.

9. தொடர்கதையாக ஓடும் சீசனைத் துண்டாக எடுக்காதீர்கள்

என் பெரிய தவறு இதில்தான். புதிதாக வந்த நண்பருக்கு நேரடியாக 'இன் த பேல் மூன்லைட்'டைப் போட்டுக் காட்டினேன். என் கணக்கில் அதைவிட நல்ல எபிசோட் கிடையாது. முடிந்ததும் அவர், "அந்தத் தையல்காரர் யாரு?" என்றார். காராக் யார், அவர் தையல்காரர் மட்டும்தானா, ரோமுலன்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள், போரில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் எதுவும் தெரியாமல் சிஸ்கோவின் முகத்தில் என்ன தெரியும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்குச் சரி. தொடர்கதைக்கு எடுபடாது. அங்கே அளவுகோல் எபிசோட் இல்லை, கதைத் தொகுப்பு. டீப் ஸ்பேஸ் நைனின் ஆறாவது சீசன் தொடக்கத்தில் ஆறு எபிசோட் ஒரே ஓட்டமாக வரும். எண்டர்பிரைஸின் மூன்றாவது சீசன் 24 எபிசோடும் ஸிண்டி என்ற எதிரியைத் தேடும் ஒரே பயணம். ஆறை ஆறோடு வையுங்கள். நேரம் இல்லையென்றால் இந்த ஒப்பீட்டைத் தள்ளிப்போடுங்கள். டிஸ்கவரிக்கு முழு சீசன்தான் அளவு, வேறு வழியில்லை.

10. படத் தரம் கண்ணை ஏமாற்றும்

முதல் தொடருக்கு 2006இலிருந்து புது கணினிக் காட்சிகள் சேர்த்துப் புதுப்பித்தார்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு மூல ஃபிலிமை மறுபடி எடுத்து, 2012 முதல் 2014 வரை ப்ளூரேயில் துல்லியமாகக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிந்தி வந்த டீப் ஸ்பேஸ் நைனுக்கும் வாயேஜருக்கும் அந்த வேலை நடக்கவில்லை. ஃபிலிமில் எடுத்து வீடியோ டேப்பில் தொகுத்த பழைய பிரதிதான் இன்றும் மங்கலாக ஓடுகிறது.

அதனால் 1987 தொடர் 1993 தொடரைவிடப் புதிதாகத் தெரியும். "டீப் ஸ்பேஸ் நைன் செலவு குறைச்சு எடுத்ததா?" என்று எங்கள் குழுவில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். டிவியின் கூர்மை அமைப்பைக் கொஞ்சம் குறைத்து, தள்ளி உட்கார்ந்து பாருங்கள். முதல் தொடரில் புதுக் காட்சிகள் கொண்ட பிரதியா பழையதா எதைப் பார்த்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். 1960களின் திறமையைப் பேசப்போகிறீர்கள் என்றால் பழையதுதான் வேண்டும்.

11. எழுதி முடிக்கும்போது

மதிப்பெண் போடாதீர்கள். பத்துக்கு ஏழு என்று எழுதியதும் மூளை யோசிப்பதை நிறுத்திவிடும். ஒவ்வொரு தொடருக்கும் உங்கள் முதல் பக்கக் கேள்விக்கான பதிலை மூன்று வாக்கியத்தில் எழுதி, ஆதாரமாக ஒரு காட்சியைச் சொல்லுங்கள். காட்சி சொல்ல முடியாத வாக்கியத்தை அடித்துவிடலாம்.

1960களின் தொடரில் பெண்களை நடத்தும் விதம் போன்ற விஷயங்களுக்கு இரண்டு வரி எழுதுவது என் வழக்கம்: அன்றைக்கு அது எப்படி, இன்றைக்கு அது எப்படி. ஒன்றை வைத்து இன்னொன்றை மன்னிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

முதல் பயிற்சிக்கு எதை எடுப்பது என்று இன்னும் தயங்கினால், எழுத்தாளர்களே பாதி வேலையை முடித்துக் கொடுத்த ஒரு ஜோடி இருக்கிறது. 1966 டிசம்பரில் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' எபிசோடில் முதல் தொடரின் கேப்டன் கர்க் ஒரு ரோமுலன் கப்பலை எல்லையில் துரத்துகிறார். 2022இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸின் முதல் சீசனை முடித்து வைத்த 'எ குவாலிட்டி ஆஃப் மெர்சி' அதே நாளை மறுபடி ஓட்டுகிறது, கேப்டன் நாற்காலியில் மட்டும் கர்க்குக்குப் பதில் புதுத் தொடரின் பைக். சிக்கல் ஒன்று, எதிரி ஒன்று, சில வசனங்கள்கூட ஒன்று. பழையதை முதலில் பாருங்கள். ஐந்து வரி எழுதுங்கள். அப்புறம் புதியதைப் போட்டு, பைக் எந்த நிமிடத்தில் கர்க்கிடமிருந்து விலகுகிறார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐந்து பேர் ஐந்து வெவ்வேறு நிமிடத்தைக் குறித்திருந்தோம்.